பல்லுக்குக் காப்புறுதியா, கையில் சேமிப்பா? பணி ஓய்வு பெற்றவருக்கு ஒரு கணக்கு

போன மாதம் ஒரு காலை, மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பசியாறிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த பாரம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். "கிராணியாரே, இதக் கொஞ்சம் பாருங்க. பல்லுக்கும் காப்புறுதி வந்துருச்சாம். மச்சினன் மகன் கொண்டாந்து கொடுத்தான். கையெழுத்துப் போடவா, வேணாமா?"

தோட்ட ஆபிசில் முப்பது வருடம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பாரமும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பாரமும் நிரப்பியவன் நான். வேலையை விட்ட பிறகும் ஊரில் யாருக்காவது பாரம் வந்தால் அது எப்படியாவது என் கைக்கு வந்து சேர்ந்துவிடும். நண்பருக்கு 61 வயது. செம்பனை ஆலையில் வேலை பார்த்து 60இல் ஓய்வு பெற்றவர். மேல் வரிசையில் கடைவாய்ப் பல் இரண்டுதான் மிச்சம். கீழே ஏழோ எட்டோ இருக்கும். அவர் மனைவி வெற்றிலை போடுபவர், அவருக்கும் பல் ஆடுகிறது. ஏஜண்ட் பையன் நல்ல பிள்ளைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னது ஒரு வழியை மட்டும். மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே எது மலிவு, எது ஏமாற்றம் என்று தெரியும்? பாரத்தை வீட்டுக்கு வாங்கி வந்து ஒரு வாரம் கணக்குப் போட்டேன்.

ஒன்றை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் இருந்தவரை பல்லுக்கென்று நாம் யாரும் தனியாகக் காசு ஒதுக்கியதில்லை. வலித்தால் தோட்ட மருந்தகத்து டிரஸரிடம் போவோம், மாத்திரை தருவார். தாங்கவில்லை என்றால் பிடுங்கிவிடுவது. பல்லைக் காப்பாற்றலாம் என்ற பேச்சே லயத்தில் கிடையாது. அதனால் நம் ஆட்களில் பலர் ஓய்வுக்கு வரும்போதே பாதி வாயோடுதான் வருகிறோம். காப்புறுதிக் கணக்கில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பின்னால் தெரியும்.

அப்புறம் இந்தக் கைப்பேசி. "ஓய்வு பெற்றவர்கள் பல் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும்" என்று அதில் வருவதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. அங்கே முதியவர்களுக்காக 1965இல் சட்டமான மெடிகேர் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும்; ஆனால் பல் சுத்தம் செய்வது, அடைப்பது, பிடுங்குவது, பல் செட் போடுவது போன்ற வழக்கமான வேலைகளுக்கு அந்த மூலத் திட்டம் பணம் தராது. வேலையை விட்டதும் கம்பெனி கொடுத்த பல் காப்பும் பெரும்பாலும் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் தனிக் காப்புறுதி எடு என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே அரசாங்கப் பல் கிளினிக் இருக்கிறது. அவர்கள் கணக்கை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வந்தால் விடை தப்பாகத்தான் வரும்.

மருத்துவ அட்டை பல்லைப் பார்க்காது

நண்பர் முதலில் கேட்டது இதைத்தான்: "எங்கிட்டதான் மெடிக்கல் கார்டு இருக்கே, அதுல பல்லு வராதா?" வராது. நம் நாட்டு மருத்துவக் காப்புறுதி அட்டைகள் பெரும்பாலானவற்றில் பல் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். விபத்தில் அடிபட்டு நல்ல பல் உடைந்தால் மட்டும் ஏதாவது கிடைக்கும். மோட்டார் சைக்கிளில் விழுந்து பல் போனால் சரி. சொத்தை விழுந்து போனால் உங்கள் பாடு. இப்போது மூத்தவர்களுக்கு மருத்துவ அட்டையின் சந்தாவே பெரிய சுமையாகிவிட்டது. 2024இன் கடைசியில் சந்தா உயர்வு பெரிய சர்ச்சையாகி, மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடச் சொன்னது நினைவிருக்கும். அந்த அட்டையைக் கட்டவே கைக்கும் வாய்க்குமாக இருப்பவர், பல்லுக்காக இன்னொரு சந்தாவைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இருக்கிற காப்பை விட்டுவிட்டு பல்லுக்கு எடுப்பது, கூரை ஒழுகும்போது வாசலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை.

அரசாங்கக் கிளினிக்: காசு குறைவு, காத்திருப்பு அதிகம்

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாமே சில்லறைக் காசில் முடிந்துவிடும். பல் செட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் வெளியே கேட்கும் விலையில் அது ஒரு சின்னப் பகுதிதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து அரசாங்க பென்ஷன் வாங்குபவர்களும் அவர்களின் துணைவரும் இன்னும் வசதியான நிலையில் இருக்கிறார்கள். பென்ஷன் அட்டையைக் காட்டினால் அரசாங்கக் கிளினிக்கில் சிகிச்சை இலவசம். அவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பலாம்.

குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிகளாகச் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் நம் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கிறார்கள். மேலே சொன்ன சலுகைகள் குடிமக்களுக்கானவை. சிவப்பு அட்டைக்காரர்கள் கவுண்டரில் கட்டணத்தை முதலில் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

சரி, குறை என்ன? நேரம். வலியோடு போனால் பெரும்பாலும் அன்றைக்கே பார்த்து அனுப்பிவிடுவார்கள். பல் செட் என்றால் அது வேறு கதை. என் மனைவிக்கு ஒரு கிளினிக்கில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்பது மாதம் காத்திருந்தோம். கூப்பிட்ட பிறகும் ஒரே நாளில் முடியவில்லை. அச்சு எடுக்க ஒரு நாள், கடி பார்க்க ஒரு நாள், மெழுகில் பல்லை வைத்துப் போட்டுப் பார்க்க ஒரு நாள், செட்டைக் கையில் வாங்க ஒரு நாள், பிறகு ஈறில் உரசும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு நாள். மிச்சப் பல்லைப் பிடுங்கிய பிறகு ஈறு ஆறிச் சுருங்கச் சில மாதம் விடவேண்டும், அது வேறு. தனியார் கிளினிக்கிலும் இந்தப் படிகள் உண்டு. அங்கே வரிசைதான் சின்னது. ஆனால் ஓய்வு பெற்றவரிடம் நிறைய இருப்பது எது? நேரம்தானே. காசு குறைவாகவும் நேரம் அதிகமாகவும் இருப்பவருக்கு அரசாங்கக் கிளினிக்கின் குறை பாதிக் குறைதான். கூட்டிப்போக ஆள் இல்லாதவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் மட்டும் இதே கணக்கைச் சொல்ல முடியாது. அவர்களுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு செலவு.

நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு, பலர் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவத் துறை இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரி எதுவானாலும் கடைசி ஆண்டுகளில் மாணவர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் உண்மையான நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தாக வேண்டும். மெதுவாகச் செய்வார்கள், ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் வந்து பார்க்கும்வரை காத்திருப்பார்கள். வெளியே அரை மணி நேரம் என்றால் அங்கே பாதி நாள். ஆனால் மாணவப் பிள்ளை மதிப்பெண்ணுக்காகச் செய்கிற அடைப்பு அவசரத்தில் செய்த அடைப்பைவிடப் பல நேரம் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். போன் போட்டு, என்ன சிகிச்சைக்கு ஆள் எடுக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

காப்புறுதிப் பாரத்தைப் பிரித்துப் பார்த்தால்

நண்பர் கொடுத்த பாரத்தின் எண்களை இங்கே போட மாட்டேன், அது அவர் வீட்டுக் கணக்கு. பல் காப்புறுதிகளின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் என்பதால் ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சந்தா 400 வெள்ளி. ஆண்டு ஒன்றுக்குக் கம்பெனி தரும் உச்சவரம்பு 1,000 வெள்ளி. ஒவ்வொரு பில்லிலும் 20 விழுக்காடு நீங்கள் கட்ட வேண்டும். வேர் சிகிச்சை, கிரவுன் (பல்லின் மேல் போடும் உறை) போன்ற பெரிய வேலைகளுக்கு முதல் 12 மாதம் காத்திருப்புக் காலம், அதுவரை பணம் கிடையாது.

சாதாரண ஆண்டு ஒன்றில் ஒருமுறை சுத்தம் செய்கிறீர்கள், இரண்டு பல் அடைக்கிறீர்கள். தனியார் கிளினிக்கில் ஒவ்வொன்றும் 120 வெள்ளி என்று வைத்தால் மொத்தம் 360. கம்பெனி 288 தரும், உங்கள் பங்கு 72. சந்தாவோடு சேர்த்து உங்கள் கையிலிருந்து போனது 472. காப்புறுதியே இல்லாமல் போயிருந்தால் 360. ஆக, 112 வெள்ளி நட்டம்.

இப்போது மோசமான ஆண்டு. இரண்டாம் ஆண்டில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை 1,000, அதன்மேல் கிரவுன் 1,400, மொத்தம் 2,400. இருபது விழுக்காட்டைக் கழித்தால் 1,920 வரவேண்டும், ஆனால் உச்சவரம்பு 1,000தான். மீதி 1,400 உங்கள் தலையில். இரண்டு ஆண்டுச் சந்தா 800. கூட்டினால் 2,200. இரண்டு வருடம் விடாமல் கட்டி, பெரிய பிரச்சினையும் வந்து, கம்பெனியும் மறுபேச்சில்லாமல் கொடுத்து, எல்லாம் சரியாக நடந்தால் மிச்சம் 200 வெள்ளி.

ஏன் இப்படி? பெரிய இழப்பு எப்போதாவது யாருக்காவது வரும் என்றால் காப்புறுதி நன்றாக வேலை செய்யும். வீடு எரிவது, இருதய அறுவை, அந்த மாதிரி. பல் அப்படியில்லை. அறுபது வயதில் பல்லுக்குச் செலவு வருமா என்பது சந்தேகமே இல்லை, வரும். எல்லாருக்கும் வரப்போகிற செலவை ஈடுகட்ட எந்தக் கம்பெனியாலும் முடியாது. அதனால்தான் உச்சவரம்பு போட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. நாம் கட்டுவதையே கொஞ்சம் கழித்துக்கொண்டு நமக்குத் திருப்பித் தருகிறது. கோபப்பட ஒன்றுமில்லை, சீட்டு மாதிரி மாதாமாதம் போடும் கூட்டுப் பணம்கூட அப்படித்தான். ஆனால் கூட்டில் பிடித்தம் குறைவு.

பாரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் சில வரிகள் நம் ஆட்களைத்தான் குறிவைத்து அடிக்கும். காப்புறுதி எடுப்பதற்கு முன்பே போன பல்லின் இடத்தில் புதுப் பல் வைக்கப் பணம் தர மாட்டோம் என்று சில திட்டங்களில் இருக்கும். நண்பருக்கு மேல் வரிசையே கிட்டத்தட்டப் போய்விட்டது. அவருக்கு முதலில் வேண்டியதே பல் செட்தான், அதுதான் அவருக்குக் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் ஈறு நோய் சேராது என்று இன்னொரு வரி. சேரும் வயது வரம்பு, புதுப்பிக்கும் வயது வரம்பு, எந்தக் கிளினிக்கில் செல்லும் என்ற பட்டியல். பட்டியலில் பினாங்கும் கோலாலம்பூரும் நிறைய இருந்து, சுங்கை பட்டாணியில் ஒன்றுகூட இல்லை என்றால் அந்த அட்டையை வைத்து என்ன செய்வது?

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் பதற வேண்டாம். ஆயுள், மருத்துவக் காப்புறுதிகளில் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. உங்கள் பத்திரத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அதே 400ஐ நீங்களே வைத்துக்கொண்டால்

மாதம் 35 வெள்ளி ஒதுக்கினால் ஆண்டுக்கு 420. தனியாக டப்பாவில் போட்டு வைத்தால் பேரன் சைக்கிளுக்குப் போய்விடும், அது எனக்கும் நடந்தது. இபிஎஃப் பணத்தை முழுதாக எடுக்காமல் விட்டிருப்பவர்களுக்கு இது எளிது. 55க்குப் பிறகு வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம், மிச்சத்துக்கு லாப ஈவு வந்துகொண்டே இருக்கும். 2024க்கு வழக்கமான சேமிப்புக்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். அதில் மூவாயிரம் வெள்ளியைப் பல்லுக்கு என்று மனதுக்குள் பூட்டி வைத்தால் உச்சவரம்பு இல்லை, காத்திருப்புக் காலம் இல்லை, போன பல்லுக்குத் தர மாட்டேன் என்று சொல்லவும் ஆள் இல்லை. பல்லுக்கு ஒன்றும் வராவிட்டால் பணம் உங்களுடையதே.

தோட்டத் தொழிலாளியின் இபிஎஃப்பில் மூவாயிரத்தைப் பூட்டி வைக்குமளவுக்கு மிச்சம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவரிடம் சந்தா கட்டவும் பணம் இருக்காது என்பதுதான் என் பதில். அவருக்கு வழி அரசாங்கக் கிளினிக், அதோடு பிள்ளைகள்.

பிள்ளைகளின் கம்பெனி பல் சலுகை பெரும்பாலும் அவர்களுக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும்தான், பெற்றோருக்கு வராது. ஆனால் வரி விஷயத்தில் ஒன்று இருக்கிறது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளிவரை வரிக் கழிவு கேட்கலாம். 2025 வரி ஆண்டிலிருந்து தாத்தா பாட்டிக்குச் செய்ததும் சேரும். பல் பிடுங்கியது, அடைத்தது, சுத்தம் செய்தது இதில் வரும். கிரவுன், வேர் சிகிச்சை, பல் செட் வராது. பெரிய செலவைத்தான் விட்டுவிட்டார்கள், என்ன செய்வது. வருமான வரி கட்டுகிற மகளோ மகனோ பில்லைக் கட்டினால் ரசீதை அவர்கள் பெயரோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்கே வரி கட்டும் வருமானம் இருந்தால், 2024 வரி ஆண்டிலிருந்து சொந்தப் பல் செலவுக்கு 1,000 வெள்ளிவரை கழிவு உண்டு.

தாய்லாந்தின் ஹாஜாய்க்குப் பஸ் ஏறிப் போய்ப் பல் கட்டி வருபவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாளில் முடிகிற வேலை என்றால் பரவாயில்லை. ஈறில் உரசினால் திரும்ப எல்லை தாண்ட வேண்டும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுக்கே வந்து மலிவில் பல் செட் மாட்டுகிறேன் என்று வருபவர்களைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: வாசலோடு அனுப்புங்கள். பதிவில்லாமல் பல் வைத்தியம் செய்வது 2018 பல் மருத்துவச் சட்டப்படி 300,000 வெள்ளிவரை அபராதமோ ஆறு ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும் குற்றம். உண்மையான மருத்துவரா என்று மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

எந்தச் சந்தாவும் பார்க்காத ஒன்று

கணக்கெல்லாம் முடித்துவிட்டு நண்பர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி பேச்சுவாக்கில் சொன்னார்: "எனக்குப் பல்லு ஆடறது பழகிப் போச்சுண்ணே. கன்னத்து உள்பக்கம் ஒரு புண்ணு, அதுதான் காரம் பட்டா எரியுது. மூணு மாசமா இருக்கு."

அதுவரை நான் வெள்ளியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் இந்தியர்களிடம்தான், அதிலும் வெற்றிலை பாக்கு போடும் பெண்களிடம்தான், மற்ற இனத்தவரைவிட அதிகம். சுகாதார அமைச்சின் வாய்ப் புற்றுப் பரிசோதனைக் குழுக்கள் தோட்டங்களைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். புகையிலை மட்டுமில்லை, பாக்கே தனியாக ஆபத்துதான். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, வாயைத் திறக்க முடியாமல் இறுகுவது, இதில் எது இருந்தாலும் பல் மருத்துவர் பார்க்க வேண்டும். கண்ணாடியும் விளக்கும் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம். அரசாங்கக் கிளினிக்கிலேயே பார்ப்பார்கள்; சந்தேகம் வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

சர்க்கரையும் அப்படித்தான். 2019இன் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியர்களிடம் அது இன்னும் கூடுதல். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையை இறக்குவது கடினம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து எடுப்பவர்களும், பல்லைப் பிடுங்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். மருந்துப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், பெயர் ஞாபகம் வைக்கும் தொல்லை இல்லை.

அப்படியென்றால் காப்புறுதி யாருக்குமே வேண்டாமா? சிலருக்குச் சரிவரும். வயது இன்னும் 55, 56. வாயில் பெரும்பாலான பல் இருக்கிறது. வேலை நேரத்தால் அரசாங்கக் கிளினிக்கில் உட்கார முடியாது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் பட்டியலில் இருக்கிறது. மருத்துவ அட்டைச் சந்தா கழுத்தை நெரிக்கவில்லை. இத்தனையும் இருந்தால் எடுக்கலாம். பணத்தை ஒதுக்கி வைத்தால் செலவாகிவிடும், சந்தா கட்டிவிட்டால் அதற்காகவாவது வருடத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுவேன் என்கிற சுபாவம் உள்ளவருக்கும் அந்த 112 வெள்ளி நட்டம் ஒரு நட்டமே இல்லை. ஓய்வு பெறும் முன் கம்பெனியில் பல் சலுகை இருந்தால், கடைசி வருடம் அதை ஒரு வெள்ளி மிச்சமில்லாமல் பயன்படுத்திவிட்டு வாருங்கள். அதற்கு ஈடான காப்புறுதி பிறகு எங்கேயும் கிடைக்காது.

நண்பர் பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. மச்சினன் மகனிடம் நானே பேசினேன், பையன் வருத்தப்படவில்லை. அடுத்த நாளே மூவருமாகக் கிளினிக்குக் கிளம்பினோம். அவர் மனைவியின் புண்ணைப் பார்த்த மருத்துவர் அதே வாரத்தில் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். சதையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை, ஆனால் வெற்றிலையை விட்டுவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். வெற்றிலைப் பெட்டியை என் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டார்.

நண்பரின் பெயர் பல் செட் வரிசையில் இருக்கிறது. அதுவரை அவருக்குத் தோசையின் நடுப்பகுதிதான். முறுகலான ஓரமெல்லாம் என் தட்டுக்கு வருகிறது.